பதாகை வேண்டாம், பன்னிரண்டு நாற்காலி போதும்

கடந்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் செயற்குழு கூடியது. மனநலம், போதைப்பழக்கம் ஆகிய இரண்டையும் பற்றி இவ்வாண்டு ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது. அதில் ஒரு மணி நேரம் பதாகைக்கே போனது. எத்தனை அடி அகலம், யார் யார் படம், சிறப்பு விருந்தினருக்கு மாலையா பொன்னாடையா, 300 பேரை எப்படி மண்டபத்துக்கு வரவழைப்பது என்று எல்லாரும் மாறி மாறிப் பேசினார்கள். கடைசியில் நான் கையைத் தூக்கினேன். "இதே பணத்தில் ஒரு சின்ன அறை, வாரத்தில் ஒரு நாள், எட்டு வாரம், பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர், பன்னிரண்டு மாணவர்கள். இப்படிச் செய்தால் என்ன?" என்று கேட்டேன்.

தலைவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு அல்ல, அவர் நல்லவர். "பன்னெண்டு பேருக்காகவா இவ்வளவு செலவு? நாம செஞ்சது வெளிய யாருக்குமே தெரியாதே" என்றார்.

வெளியே யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். அதை அன்று என்னால் விளக்க முடியவில்லை. விளக்க வேண்டுமானால் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த அந்த மேசையில் எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவிடமும் கேட்டேன். "எழுது, பேரைப் போடாத" என்றார். ஆகவே என் பெயரும் இங்கே இல்லை. மன்ற நண்பர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை, இது நானே எடுத்த முடிவு.

அப்பா லோரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போ, பினாங்கு வரை சரக்கு ஏற்றிப் போவார். குடிக்காத நாளில் அவரைப் போல ஓர் அப்பாவைப் பார்க்க முடியாது. பாசார் மாலாமில் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு அப்பம் பாலிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். விடுமுறை நாளில் சம்சு வந்துவிடும். மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வரும் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கியர் மாற்றாமல் இழுத்துக்கொண்டு வந்தால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வோம். அவர் எங்களை அடித்தது இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சு விட்டதும் இல்லை.

அம்மாவுக்கு இரண்டு வேலை. ஒன்று தொழிற்சாலையில். இன்னொன்று அப்பாவின் குடியை மறைப்பது. திங்கட்கிழமை அப்பா எழ முடியாமல் கிடந்தால் முதலாளிக்குத் தொலைபேசியில் அழைத்து, "அவருக்குக் காய்ச்சலுங்க" என்பார். சம்பளப் பணத்தை அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அப்பாவின் கை எந்தப் பக்கம் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் இரண்டாம் படிவம் படித்தபோது எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு பொது இயக்கம் குடியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்தியது. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள், அதில் எனக்கு ஐயம் இல்லை. அரிசி, எண்ணெய், மைலோ கொடுத்தார்கள். மூன்று பேர் உரையாற்றினார்கள். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்று மூவருமே சொன்னார்கள். அதை என் அம்மாவுக்குச் சொல்ல மூன்று பேர் தேவையா என்று இன்றும் யோசிக்கிறேன். முடிவில் எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் பதாகையின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். 'குடியால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' என்ற எழுத்து எங்கள் தலைக்கு மேலே. அடுத்த வாரம் பிரத்தியேக வகுப்பில் ஒரு பையன் தன் திறன்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, "இது உங்க அம்மாதானே?" என்று கேட்டான். அம்மா அதன்பிறகு அந்த மண்டபத்தின் வாசலை மிதிக்கவே இல்லை. தீபாவளி விருந்துக்குக்கூடப் போகவில்லை. (நாளிதழில் எழுதிக்கொண்டே நிழற்படத்தைக் குறை சொல்கிறேன், ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இரண்டு ஆண்டு கழித்து, இரத்த அழுத்தம் பார்க்க அரசாங்க கிளினிக்குக்குப் போன அம்மாவிடம் அங்கிருந்த தாதி ஒருவர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். "தூக்கம் வருதாக்கா?" என்று ஆரம்பித்தாராம். பக்கத்து ஊரில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் வியாழக்கிழமை மாலை தமிழில் ஒரு குடும்பக் குழு கூடுவதாகச் சொல்லி, இடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊர் என்றதால்தான் அம்மா போனார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டார். நான் அப்போது நான்காம் படிவம்.

போகும்போது நான் எதிர்பார்த்தது இன்னொரு உரை. அங்கே மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். குழுவை நடத்திய அக்கா, பதிவு பெற்ற ஆலோசகர். அவர் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் தலையசைத்துவிட்டு அடுத்தவருக்கு விடலாம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்குப் புத்தி சொல்லாதவர் யாருமே கிடையாது.

இந்த இடத்தில் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆலோசனை' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது, வழி சொல்வது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் ஆலோசகரிடம் போகச் சொன்னால் நண்பர்கள், "அவங்க என்ன புதுசா சொல்லிடப் போறாங்க?" என்கிறார்கள். அவர்கள் அதிகம் சொல்வதே இல்லை. கேட்கிறார்கள். நாம் சொன்னதையே நாம் கேட்கும்படி செய்கிறார்கள்.

அம்மா முதல் நான்கு வாரம் தலையை மட்டும் அசைத்தார். ஐந்தாவது வாரம் எதிரே இருந்த ஒரு பெண்மணி, "நான் அவரோட முதலாளிக்குப் போன் போட்டு எத்தனை தடவ காய்ச்சல்னு சொல்லிருப்பேன்! ஒரு நாள் முதலாளியே, 'ஏன்மா, போன வாரமும் காய்ச்சல்தானே?'ன்னு கேட்டுட்டாரு" என்றார். அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு பேசினார். அரிசி வாளியில் பணத்தை ஒளித்ததைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதையெல்லாம் முதன்முறையாகக் கேட்பவள்போல் கேட்டேன்.

எனக்கும் அந்த மாதிரி ஒரு நாள் வந்தது. என் வயதில் ஒரு பையன், மோட்டார் சத்தத்தைப் பற்றிச் சொன்னான். வாசலில் வண்டி நிற்கும் சத்தத்திலேயே தன் வயிறு இறுகிவிடும் என்றான். உலகத்தில் எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்கிறது என்று பதினாறு வயது வரை நம்பியிருந்தேன்.

இது ஏதோ எங்களுக்கு மட்டும் கிடைத்த அதிர்ஷ்டம் அல்ல. 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போகப் பணமில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்தார். ஓய்வு, தூய காற்று பற்றிக் கற்றுக்கொடுப்பதே அவர் நோக்கம். ஒரே நோய் உள்ளவர்கள் ஒரே அறையில் இருப்பதே அவர்களுக்குத் தெம்பு தந்ததைக் கண்டார். குழு சிகிச்சையின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரிடம் ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 'அனானிமஸ்' என்றால் பெயர் அறியப்படாதவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற உறுதி அந்த இயக்கத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1951இல் குடிப்பவரின் குடும்பத்தினருக்கு 'அல்-அனான்', சில ஆண்டுகளில் அவர்களின் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 'அலட்டீன்' என்று தனித்தனிக் குழுக்கள் வந்தன.

பேசினால் மட்டும் குடி நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 2020இல் காக்ரன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு ஒன்று 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசியது. குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில், முறையாக நடத்தப்படும் இத்தகைய குழு வழிமுறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தது அல்ல, பல இடங்களில் மேலானது என்று அது கண்டது. எல்லாருக்கும் பலிக்கும் என்று அது சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

நம் சமூகம் இதில் கூட்டாகச் செயல்படத் தெரியாத சமூகம் அல்ல. என் தாத்தா காப்பார் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, உழைத்த கூலி அங்கேயே திரும்பிப் போகும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. குடி தனி மனிதனின் ஒழுக்கக்கேடு மட்டும் அல்ல, அவனைச் சுற்றி யாரோ கட்டி வைத்த ஏற்பாடு என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்தப் புரிதலை நாம் எங்கேயோ தொலைத்துவிட்டோம். அதோடு அன்றும் ஒரு குறை இருந்தது என்று எனக்குப் படுகிறது. கடையை மூடச் சொன்னோம், குடித்தவனை உட்கார வைத்துக் கேட்க ஓர் இடம் அமைக்கவில்லை. இன்றைக்குக் கடையும் மூடவில்லை, இடமும் இல்லை. ஆண்டுக்கொரு விழிப்புணர்வு மாலை மட்டும் இருக்கிறது.

குழுவின் பெரிய எதிரி எது தெரியுமா? சமூகமேதான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தாமானில் ஒருவர் தும்மினால் கோயிலில் இன்னொருவர் நலம் விசாரிப்பார். அந்த நெருக்கம் சாவு வீட்டில் நமக்குத் தோள் கொடுக்கிறது, அதே நெருக்கம் வாய் திறக்க விடாமலும் செய்கிறது. ஆகவே சமூகத்துக்கான குழு என்றால் சமூக மண்டபத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. நம் மொழியில், நம் மக்களோடு, ஆனால் பக்கத்து ஊரில் நடக்கட்டும். பெயர்ப் பட்டியலை ஆலோசகர் மட்டும் வைத்திருக்கட்டும். உதவித்தொகை கொடுத்தவருக்குப் படம் வேண்டுமென்றால் காலி நாற்காலிகளைப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

தமிழில் நடக்க வேண்டும் என்பதை நான் மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும், தொழிற்சாலையில் அதில்தான் பேசுகிறார். ஆனால் 'மனசு கெடந்து அடிச்சுக்குது' என்பதை அவரால் வேறு எந்த மொழியிலும் சொல்ல முடியாது. சொல்ல முயன்றால் 'தலைவலி' என்று முடித்துவிடுவார். தலைவலி மாத்திரையோடு வீடு திரும்புவார்.

எல்லாவற்றையும் குழுவிடம் விட்டுவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அப்பாவை ஒரு வாரம் வீட்டில் பூட்டி வைத்தால் குடி தானாக நின்றுவிடும் என்று மாமா ஒருவர் சொன்னார். பூட்டுகூட வாங்கியாயிற்று. அம்மா இதைக் குழுவில் சொன்னபோது ஆலோசகர் அக்கா முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அவரே அரசாங்க மருத்துவமனைக்கு வழி சொன்னார். புத்தி சொல்லக் கூடாது என்ற விதியை அவர் மீறியது அன்று ஒரு நாள்தான். அப்பா இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு நாளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இளையோர் குழுவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பிரச்சினையில் இருக்கும் பையன்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது கெட்டதாகவும் இருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இலேயே இதை எச்சரித்து எழுதினார்கள். வேப்பில் எதைக் கலக்கலாம், கெத்தும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடக் கூடும். அதனால்தான் மன்றக் கூட்டத்தில் 'பதிவு பெற்ற ஆலோசகர்' என்று அழுத்திச் சொன்னேன். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டிலிருந்தே ஆலோசகர்களுக்கென்று சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது. நல்ல மனம் படைத்த மூத்த மாணவர் ஒருவர் நடத்திவிடலாம் என்ற யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். அந்த மூத்த மாணவர் நானாகவே இருந்தாலும் சரி.

2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அன்று அந்த வினாத்தாளை நிரப்பிய பலர் இன்று எங்கள் விடுதிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் 300 பேருக்கு நடுவில் எழுந்து நின்று ஒலிவாங்கியை வாங்கிக் கேள்வி கேட்பார்கள்? நான் கேட்டிருக்க மாட்டேன். மோட்டார் சத்தத்தைப் பற்றி ஒலிவாங்கியில் எப்படிச் சொல்வது?

இதைப் படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இன்றிரவு ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கலாம். உங்களுக்கு என் பல்கலைக்கழகத்தின் முடிவு தேவையில்லை. பள்ளியிலேயே ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். முதல் தடவை "ஒரு விஷயம் பேசணும் டீச்சர்" என்றால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு உண்டு. சுகாதார அமைச்சின் 'மெந்தாரி' சமூக மனநல நிலையங்கள் இருக்கின்றன. பேசுவதற்குக் குரல் மட்டும் போதும் என்றால் அமைச்சின் 15555 எண்ணுக்கோ பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண்ணுக்கோ அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் புரியாவிட்டால் அழைத்து, "எங்கள் பக்கம் தமிழில் குழு ஏதும் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உள்ளதைச் சொன்னால் போலீஸ் வரும் என்ற பயமும் இனி வேண்டாம்.

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவமனையிலிருந்து வந்தபின் எட்டு மாதம் தொடவில்லை. பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் மறுபடியும் தொட்டார். பிறகு மீண்டும் சிகிச்சை. இப்போது பதினான்கு மாதம். ஆண்கள் குழு ஒன்றுக்குப் போகிறார், எல்லா வாரமும் அல்ல. நாளை எப்படி என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அம்மா முதலாளிக்குத் தொலைபேசியில் அழைப்பதை அப்பா குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நிறுத்திவிட்டார். அப்பா குடியை விட்டதும் அதற்குப் பிறகுதான் நடந்தது. இது காரணமா, தற்செயலா என்று நான் வாதாட வரவில்லை.

அம்மா இன்னும் வியாழக்கிழமை போகிறார். அறையின் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. மற்றவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் நாற்காலிகளைத் துடைத்துப் போடுகிறார். அந்தக் குழுவுக்கு இன்றுவரை ஒரு பதாகை கிடையாது.

வரும் புதன்கிழமை எங்கள் செயற்குழு மறுபடியும் கூடுகிறது. செயலாளர் பதாகைக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டு வைத்திருக்கிறாராம். நானும் ஒரு தாளில் கணக்குப் போட்டிருக்கிறேன். அறை வாடகை இல்லை, நூலகத்தின் பின்பக்கம் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்று இருக்கிறது. ஆலோசகருக்கான கட்டணம், தேநீர், ஒரு பெட்டி டிஷ்யூ. பன்னிரண்டு நாற்காலி ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, போய் எண்ணிவிட்டு வந்தேன்.